தந்திக்காரியும் கறிக்கடை மெண்டியும்

மின்னா பின்ஸ்கருக்கு முதல் வேலை கிடைத்தது படம் வரைந்ததற்காக அல்ல, அழித்ததற்காக. மன்ஹாட்டனில் ஒரு தொப்பிக் கம்பெனிக்கு மேல்மாடியில் வெக்ஸ்லர் என்பவர் காமிக்ஸ் பட்டறை வைத்திருந்தார். ஒருவன் பென்சிலில் உருவம் போடுவான், அடுத்தவன் அதன்மேல் மை இழுப்பான், இன்னொருவன் பேச்சை எழுதுவான். மை காய்ந்ததும் அடியில் கிடக்கும் பென்சில் கோட்டை யாராவது அழிக்க வேண்டும். மை கலங்கக்கூடாது, தாள் கசங்கக்கூடாது. பிராங்ஸிலிருந்து ரயிலேறி வந்த இந்தப் பெண் அதைப் பூப்போலச் செய்தாள். வெக்ஸ்லரைக் கஞ்சர் என்று சொன்னால் ஊரிலிருக்கும் கஞ்சர்கள் கோபித்துக்கொள்வார்கள். அவ்வளவு சுலபமாக யாரையும் பாராட்டிவிட மாட்டார். அவரே ஒருநாள், "ரப்பரைப் பிடிக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் நீதான்" என்றார்.

அப்புறம் யுத்தம் வந்தது. பட்டறையில் ஒவ்வொரு நாற்காலியாகக் காலியானது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்ற கணக்கில், வெக்ஸ்லரின் பார்வை மின்னாமேல் விழுந்தது.

"உனக்கு வரைய வருமா?"

"வரும்."

"கை வரைவியா? கையிலதான் எல்லாப் பயலும் கோட்டை விடுவான்."

"இத்தனை மாசமா அவங்க போட்ட கையைத்தானே அழிச்சிட்டிருக்கேன் மிஸ்டர் வெக்ஸ்லர். எது சரி, எது கோணல்னு தெரியாதா?"

அப்படித்தான் 'தந்திக்காரி டெஸ்' பிறந்தாள். கதை, பென்சில், மை, எழுத்து எல்லாமே மின்னாதான். ஒரு பெண் ஒற்றை ஆளாக முழுப் புத்தகத்தையும் தூக்கி நிறுத்துவது அந்தப் பட்டறை அதுவரை காணாத சங்கதி. ஆனால் அட்டையில் அவள் பெயர் வராது. வெக்ஸ்லரின் புத்தகங்கள் எல்லாவற்றையும் வரைந்தவர் 'ஜாக் ஸ்டெர்லிங்'. அப்படி ஒரு ஆள் உலகத்திலேயே கிடையாது. அந்த ஜாக்கைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டு ஒஹாயோவிலிருந்தும் அயோவாவிலிருந்தும் பெண்கள் கடிதம் போட்டார்கள். ஜாக்குக்கு ஏற்கெனவே மனைவியும் இரட்டைக் குழந்தைகளும் இருப்பதாக மின்னாதான் பதில் எழுதிக் கழற்றிவிடுவாள்.

டெஸ் சைக்கிளில் தந்தி கொண்டுபோகிற பெண். போகிற வழியில் திருடனைப் பிடிப்பாள், பாலத்திலிருந்து விழுகிறவனைத் தாங்குவாள். அந்தக் காலத்தில் பட்டாளத்தில் பிள்ளை செத்த சேதி தந்தியில்தான் வரும். சைக்கிள் தெருமுனையில் திரும்பினாலே தாய்மார்கள் ஜன்னலுக்கு ஓடுவார்கள். 'எங்கள் வீட்டில் நிற்காதே, தாண்டிப் போ' என்று திரைச்சீலைக்குப் பின்னால் நின்று வேண்டிக்கொள்வார்கள். காகிதத்திலாவது பார்த்தால் சந்தோஷப்படுகிற மாதிரி ஒரு தந்திக்காரி இருக்கட்டும் என்று மின்னா நினைத்தாள். அது ஒன்றும் பெரிய தத்துவம் இல்லை. அவளுக்கே அந்தச் சைக்கிள் மணியைக் கேட்டால் பயம்.

கதை நடக்க ஒரு தெரு வேண்டுமே. புதிதாகக் கற்பனை செய்ய நேரம் ஏது? மின்னா தன் சமையலறை ஜன்னலைத் திறந்தாள். வெளியே தெரிந்த தன் தெருவை அப்படியே எடுத்துப் போட்டாள். குஸ்மனின் மிட்டாய்க்கடை, மாடிப்படியில் உலரும் துணி, எதிரே 'லிப்கின் அண்ட் சன்' கறிக்கடை, எல்லாம் பெயர்ப்பலகையோடு வந்தன. தெருவே தலைகால் புரியாமல் திரிந்தது. தையல்காரர் மட்டும் தன் கடைக்கு முன்னால் குப்பைத் தொட்டியை வரைந்துவிட்டாள் என்று மின்னாவோடு ஒரு கோடைக்காலம் முழுக்கப் பேசவில்லை.

அந்தக் கறிக்கடைப் பலகையில் 'சன்' என்று இருக்கிற மகன்தான் மெண்டி. உயரமான பையன், காது இரண்டும் விரிந்து நிற்கும், யாரையும் கேலி செய்யாமல் அரை ராத்தல் கறிகூட நிறுத்துக் கொடுக்க மாட்டான். பட்டாளத்தில் சேர்ந்து, நாற்பத்து நான்காம் வருஷம் மார்ச் மாதம், கப்பலேறுவதற்கு முன் விடுப்பில் வந்தான். வந்தவன் நேராக மின்னாவின் சமையலறைக்குள் நுழைந்தான். மின்னாவின் அக்கா பெஸ்ஸி சூப் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பன் கடையைப் போட்டே, கடையில தொங்கற கோழியைப் போட்டே. என்னை மட்டும் ஏன் போடலை? கோழியை விடவா நான் மோசம்?"

"கோழி ஆடாம நிக்கும்" என்றாள் பெஸ்ஸி.

"நானும் ஆடாம நிக்கறேன். இந்தா பாரு." கதவோரம் விறைத்து நின்றான். "மின்னா, ஒண்ணு கேக்கறேன். எங்க வீட்டு வாசலுக்கு டெஸ் தந்தி கொண்டுவர்ற மாதிரி போடு. தெருவே வெலவெலத்துப் போகட்டும். நான் பிரிச்சுப் படிச்சா ஏதாவது அசட்டுச் சேதியா இருக்கணும்."

"என்ன சேதி?"

மெண்டி யோசித்தான். "பஃபலோவிலிருந்து ஃபான்யா அத்தை வர்றா. ஒரு மாசம் தங்கறா. இதை விடப் பயங்கரம் ஏதாவது இருக்கா?"

பெஸ்ஸி கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். மெண்டி தலையில் கையை வைத்துக்கொண்டு 'ஐயோ' என்று நிற்க, மின்னா நின்ற நிலையிலேயே பென்சிலில் அவனைப் பிடித்தாள். அந்தக் காதை மட்டும் கொஞ்சம் சின்னதாக்கச் சொன்னான். அவள் கேட்கவில்லை.

மார்ச்சில் வரைந்த படம் ஜூன் கடைசியில்தான் கடைக்கு வரும். படம் தீட்டி, வண்ணம் பிரித்து, அச்சாகி, லாரி ஏறி வருவதற்குள் அவ்வளவு காலம் ஆகிவிடும். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் குளிர்காலத்தில் உட்கார்ந்துகொண்டு கடற்கரையை வரைவார்கள், வெயிலில் வியர்க்க வியர்க்கப் பனியை வரைவார்கள். நாளைக்கு நடப்பதை நேற்றே முடித்து அனுப்பிவிட்ட நினைப்பு அவர்களுக்கு எப்போதும் உண்டு.

ஜூன் நடுவில் மெய்யான தந்தி வந்தது. சைக்கிள் லிப்கின் கடை வாசலில் நின்றது. லிப்கினுக்கு யூதர்கள் பேசும் யிட்டிஷ்தான் படிக்க வரும், ஆங்கிலம் ஓடாது. ஆனால் அந்தக் காகிதத்தைப் படிக்க எந்த மொழியும் தேவைப்படவில்லை. மெண்டியை இத்தாலியில் எங்கோ புதைத்துவிட்டார்கள். பெற்றவர்களுக்கு ஒரு பிடி மண் போடக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. யூத வழக்கப்படி ஏழு நாள் துக்கத்துக்குக் கண்ணாடிகளைத் துணியால் மூடி, தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தார்கள் லிப்கினும் அவர் மனைவி ரைசலும். மின்னா துக்க வீட்டுக்குக் கொடுக்கும் வேகவைத்த முட்டைகளை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு அந்தப் புத்தகம் ஞாபகம் வந்தது. இன்னும் சில நாளில் அது குஸ்மன் கடைக்கு வந்துவிடும்.

மறுநாள் காலை வெக்ஸ்லர் முன்னால் நின்றாள்.

"அந்தப் பக்கத்தை எடுத்துடுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"எதை எடுக்கறது? அச்சாகி லாரியே கிளம்பியாச்சு. மார்ச்ல போட்டது ஜூன்ல வரும்னு உனக்குத் தெரியாதா?"

"அது தெரியும். அவன் செத்துப்போவான்னு தெரியாது."

வெக்ஸ்லர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டவில்லை. அவருக்கு அது புதுப் பழக்கம்.

புத்தகம் வந்த அன்று அக்காவும் தங்கையும் குஸ்மன் கடைக்கு அழுக்குத்துணிப் பையோடு போனார்கள். இருந்த டெஸ் பிரதிகள் அத்தனையையும் வாங்கிப் பையில் திணித்தார்கள். அடுத்த தெருக் கடைகளையும் விடவில்லை. "நீங்களே வரைஞ்சு நீங்களே வாங்கினா வியாபாரம் எப்படிம்மா உருப்படும்?" என்று குஸ்மன் கேட்டார். பெஸ்ஸி, "அடுப்பெரிக்க" என்று சொல்லிவிட்டு இழுத்துக்கொண்டு போனாள். பொய் சொல்லத் தெரியாதவர்கள் பொய் சொன்னால் இப்படித்தான். குஸ்மனுக்குச் சந்தேகம் முளைத்தது. தன் பெண்ணுக்கென்று கல்லாவுக்கடியில் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதியைப் பிரித்தார். உள்ளே மெண்டி! பாவம், குஸ்மன் நல்ல மனுஷன். பெற்றவர்கள் பார்த்தால் ஆறுதலாக இருக்குமே என்று சட்டென்று தெருவைக் கடந்து லிப்கின் கையில் கொடுத்துவிட்டார்.

விஷயம் தெரிந்த நிமிஷத்திலிருந்து மின்னா எதிர்ப்பக்க நடைபாதையையே மிதிக்கவில்லை. வீட்டில் கறி நின்றது.

"இன்னும் எத்தனை நாளைக்குடி முட்டையே திங்கறது?" என்றாள் பெஸ்ஸி. "இன்னிக்கு லிப்கின் என்னைக் கூப்பிட்டாரு. உன்னை வரச் சொல்றாரு."

"கோவமா இருந்தாரா?"

"கையில கத்தி இருந்துச்சு. ஆனா அது எப்பவும் இருக்கறதுதானே."

மின்னா போனாள். கடையில் வேறு யாருமில்லை. வெட்டுக்கட்டையைத் துடைத்து, அதன்மேல் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார் லிப்கின். வாசலில் டெஸ்ஸின் சைக்கிள். ஜன்னலெல்லாம் பயந்த முகங்கள். நடுவில் மெண்டி, கையில் தந்தி.

"மிஸ்டர் லிப்கின், நான் மார்ச்லயே..."

"இதுல என்னம்மா எழுதியிருக்கு?" லிப்கினின் விரல் அந்தத் தந்திமேல் இருந்தது. "குஸ்மனைப் படிக்கச் சொன்னேன். அவன் அழறான். நீ படி."

தப்பிக்க வழியில்லை. மின்னா படித்தாள்: "ஃபான்யா அத்தை ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். ஒரு மாதம் தங்குவாள்."

லிப்கின் நிமிர்ந்து பார்த்தார். "என் தங்கச்சி ஃபான்யாவா?"

"மெண்டிதான் அப்படிப் போடச் சொன்னான்."

"ஒரு மாசமா?"

"ஒரு மாசம்."

லிப்கினுடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று மின்னா பயந்தாள். சிரித்தார். "அடப்பாவி! அவ ஒரு வாரம் தங்கினாலே நான் குளிர்பெட்டிக்குள்ள போய் ஒளிஞ்சுக்குவேனே! ரைசல், இங்க வா, உன் பிள்ளை பண்ணினதைக் கேளு!" உள்ளிருந்து ரைசல் வந்தாள். மின்னா இன்னொரு தரம் படித்தாள். மூன்று பேரும் அந்த வெட்டுக்கட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், அப்புறம் மூன்று பேரும் அழுதார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு லிப்கின் கேட்டார். "சரி, அடுத்த மாசம் இவன் என்ன பண்றான்?"

"யாரு?"

"மெண்டி. இது மாசாமாசம் வருதாமே. அடுத்த மாசமும் கடை இருக்கும்ல? கடை இருந்தா இவன் எங்க போவான்? கடையிலதானே நிப்பான்?"

"நிப்பான்" என்றாள் மின்னா. இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

அன்று தொடங்கியதுதான். அதற்கப்புறம் அவள் வரைந்த ஒவ்வொரு இதழிலும் டெஸ் தெருவில் சைக்கிளில் பறக்கும்போது, பின்னால் கறிக்கடை வாசலில் ஏப்ரன் கட்டிய ஒரு ஆள் நின்றான். ஒரு வார்த்தை பேச மாட்டான். கதையில் அவனுக்கு வேலையே இல்லை. வெக்ஸ்லர், "யாரிந்தத் தண்டச்சோறு?" என்று கேட்டார். "தெருன்னா ஆள் இருக்க வேணாமா?" என்று மின்னா மழுப்பினாள். யுத்தம் முடிந்து ஆண்கள் திரும்பி வந்து நாற்காலிகளைக் கேட்டார்கள். டெஸ்ஸை மட்டும் அவளிடமிருந்து பிடுங்க முடியவில்லை, விற்பனை அப்படி.

லிப்கினுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். தொழுகைக்கூடத்தில் மகனுக்குச் சொல்ல வேண்டிய பிரார்த்தனைகளை ஒன்று விடாமல் சொன்னவர். மாசா மாசம் மகனைப் பார்த்தார், அவ்வளவுதான். பார்த்ததும் குறை சொன்னார். "கத்தியை இப்படியா பிடிப்பான் அவன்? நான் சொல்லிக்குடுத்த பிள்ளை!" மின்னா திருத்தினாள். இரண்டு வருஷம் போனதும் ரைசல் வேறு பாட்டைத் தொடங்கினாள். "பட்டாளத்துல கூட இருந்த பையனுங்களுக்கெல்லாம் கல்யாணம் ஆயிடுச்சு. இவன் மட்டும் ஒத்தையா வாசல்ல நிக்கறான். பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

மின்னா பெண் பார்த்தாள், அதாவது வரைந்துகொண்டுபோய்க் காட்டினாள். ஒருத்தி ஒல்லி என்றாள் ரைசல். ஒருத்திக்கு உதட்டுச்சாயம் அதிகம். "இவ சமைக்கறவ மாதிரியே இல்லையேம்மா!" நிஜக் கல்யாணத் தரகர்கூட அவ்வளவு அலைந்திருக்க மாட்டார். கடைசியில் வந்த பெண்ணைப் பார்த்து ரைசல் தலையாட்டினாள். "இவ நல்லாயிருக்கா. வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்கா."

அந்த இதழை வீட்டில் பார்த்த பெஸ்ஸி, படத்தைத் தங்கையின் முகத்தருகே பிடித்தாள். "மூக்கு யாரோடதுடி?"

"மூக்குக்கு நான் எங்க போறது? கண்ணாடியைப் பாத்துத்தான் எல்லாரும் போடுவாங்க."

"செத்தவனோட குடித்தனம் நடத்தறே நீ. உனக்கு அவன்மேல ஆசை இருந்துச்சா?"

மின்னா பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "உயிரோட இருந்தப்ப இல்லை."

பெஸ்ஸி அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. படத்தில் கறிக்கடை வாசலில் குழந்தை வண்டி வந்தது. வண்டிக்குள் இருந்தது வெளியே வந்து நடந்தது. மெண்டிக்கு நெற்றி ஏறி, இடுப்பு கொஞ்சம் பெருத்தது. காது மட்டும் அப்படியே நின்றது.

பழைய காமிக்ஸைக் கண்ணாடித்தாளில் போட்டுப் பாதுகாக்கிற கூட்டம் ஒன்று பிற்காலத்தில் கிளம்பியது. டெஸ்ஸை வரைந்த ஜாக் ஸ்டெர்லிங் என்பது மின்னா பின்ஸ்கர்தான் என்று அவர்கள்தான் துப்பறிந்தார்கள். அதற்குள் அவள் துணிக்கடை விளம்பரப் பட்டியலுக்குச் செருப்பும் கையுறையும் வரைந்து தலை நரைத்துவிட்டிருந்தாள். ஹோட்டல் கூடத்தில் அவளை உட்காரவைத்து, முன்னோடி என்றார்கள், கைதட்டினார்கள். அவளைப் பார்த்து வரைய வந்ததாகச் சொன்ன பெண்கள் வரிசையில் நின்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். காமிக்ஸில் யாருக்கும் வயதாகாது. டெஸ்ஸுக்குக்கூடக் கடைசிவரை அதே வயதுதான். பின்னால் நிற்கிற ஒரே ஒருவனுக்கு மட்டும் ஏன் வருஷா வருஷம் வயது கூடுகிறது? அவன் ஒற்றன் என்று ஒருவர் கட்டுரை எழுதினார். காலத்தின் குறியீடு என்று இன்னொருவர் மறுத்தார். மின்னா, "எங்க தெரு கறிக்கடைப் பையன்" என்றாள். அடக்கமாகப் பேசுகிறாள் என்று அதற்கும் கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலுக்கு வெகுகாலம் முன்பே, ஐம்பத்து நான்கில், எல்லாம் முடிந்துபோயிருந்தது. காமிக்ஸ் படித்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று நாடு முழுக்கப் பேச்சுக் கிளம்பியது. பள்ளிக்கூட மைதானங்களில் குவித்துக் கொளுத்தினார்கள். படிப்பவர்களைக் கெடுக்கிற அளவுக்கு அந்தச் சைக்கிள்காரி என்ன செய்தாள் என்று கேட்க நாதியில்லை. கடைகள் வாங்க மறுத்தன. வெக்ஸ்லர் பட்டறையை இழுத்து மூட முடிவு செய்தார்.

"இன்னும் ஒரே ஒரு இதழ். கடைசிப் பக்கம் உன் இஷ்டம். உன் பேரையும் போட்டுக்கோ. இனிமே யாரு கேக்கப்போறா?"

பன்னிரண்டு வருஷம் காத்திருந்த வார்த்தை. மின்னாவின் காதில் அது விழவேயில்லை. லிப்கின் வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் ரயிலில் வீடு வரும்வரை அவள் கவலை. ஒரு தடவை தந்தி வந்து அவர்களிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கியது. இரண்டாவது தடவை பிடுங்கப்போவது அவள். தந்திக்காரன் படுகிற பாடு அன்றைக்குத்தான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது.

கடையில் கூட்டம் குறையும்வரை நின்றாள். பிறகு சொன்னாள். லிப்கின் கோழியின் சிறகைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார். பிடுங்க ஒன்றுமில்லாத கோழியை அதற்கப்புறமும் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"கடைசியா அவன் என்ன பண்ணணும்னு நீங்க சொல்லுங்க" என்றாள் மின்னா. "ஒரு முழுப் பக்கம் இருக்கு. டெஸ் எங்கயாவது போகட்டும், பக்கம் பூரா அவனுக்குத்தான்."

லிப்கின் கோழியைக் கட்டைமேல் வைத்துவிட்டு, உள்ளே நின்ற ரைசலைப் பார்த்தார். ரைசல்தான் பேசினாள்.

"பத்து வருஷமா வாசல்லயே நிக்கறான். காலு வலிக்காதா என் பிள்ளைக்கு? வெள்ளிக்கிழமையாப் போடு. கடையைச் சாத்திட்டு வீட்டுக்கு வரச் சொல்லு."

மின்னா அந்தக் கடையை வெளியிலிருந்தே நூறு தடவை வரைந்திருப்பாள், மேலே இருக்கிற வீட்டை வரைந்ததில்லை. ரைசல் அவளை மாடிக்குக் கூட்டிப்போனாள். மேஜை, வெள்ளை விரிப்பு, திரித்துப் பின்னிய ரொட்டி வைக்கிற தட்டு, வெள்ளிக்கிழமை அந்தியில் ஓய்வுநாள் தொடங்கும்போது ஏற்றுகிற, இன்னும் ஏற்றாத இரண்டு மெழுகுவர்த்திகள். மெண்டி உட்காருகிற நாற்காலி எது என்று கேட்டாள். ரைசல் கையால் தொட்டுக் காட்டினாள். ஜன்னலோர நாற்காலி. அதன் முதுகில் துணி தொங்கவிட்டுக்கூட யாரும் பழகவில்லை.

கடைசி இதழை மின்னாவே கொண்டுபோய்க் கொடுத்தாள். தன் பெயரைப் போட மறந்துபோயிருந்தது. அச்சான பிறகுதான் கவனித்தாள், அதற்காக வருத்தப்படவும் நேரமில்லை. வெட்டுக்கட்டையில் வைத்துத்தான் மூன்று பேரும் பார்த்தார்கள். மெண்டி கதவை இழுத்துச் சாத்துகிறான். ஏப்ரனை அவிழ்த்து மடிக்கிறான். மாடிப்படி ஏறுகிறான். கடைசிக் கட்டத்தில், ஜன்னலில் இன்னும் வெயில் இருக்க, மேஜையைச் சுற்றி எல்லோரும் இருக்கிறார்கள். ஜன்னலோர நாற்காலியில் அவன் முதுகும், விரிந்த அந்த இரண்டு காதும். அவன் தட்டில் ரைசல் பரிமாறிக்கொண்டிருக்கிறாள்.

லிப்கின் விரலால் அந்தக் காதுகளைத் தொட்டார். பத்து வருஷப் பழக்கம், வாய் தானாகக் கேட்டுவிட்டது. "அடுத்த மாசம்...?"



ரைசல் புத்தகத்தை மூடித் தன் ஏப்ரனால் அட்டையைத் துடைத்தாள். "அடுத்த மாசம் என்ன அடுத்த மாசம்? அதான் வீட்டுக்கு வந்துட்டானே. சாப்பிடட்டும், விடுங்க."